லைனுக்குக் கடைசியாக வருவது எப்படி

இன்று மண்டூர்ப் பக்கத்து வயல்வட்டை ரோட்டில், என் கணவர் அசையாமல் நின்றபடியே ஒரு பைக் ரேஸில் தோற்றார்!

இது சும்மா ஆள் செய்யக்கூடிய காரியம் இல்லை. நிறையப் பயிற்சி வேண்டும்.

டிராக் ரேஸ் என்றால் இரண்டு பைக், ஒரு நேர் ரோடு, யார் முதலில் போய்ச் சேருவது. அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

இவர் விளக்கினார். (நான் கேட்கவில்லை.)

ரேஸ் ஓடும்போது இல்லையாம், லைனில் நிற்கும்போதே முடிந்துவிடுமாம்.

ஸ்டார்ட் லைனில் தரையை ஒட்டி, குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கோடு இருக்கும். முன் டயர் கிட்ட வந்தால் ஒரு லைட் எரியும். கோட்டைத் தொட்டால் இரண்டாவது லைட். இரண்டு பேரும் அப்படி நின்ற பிறகு மஞ்சள் வரும், அடுத்தது பச்சை. பச்சைக்கு முன்னால் டயர் கோட்டை விட்டுப் போனால் சிவப்பு.

சிவப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம்.

இதில் இவருக்கு இரண்டு ராஜதந்திரம். ஒன்று, டயரின் நுனி மட்டும் கோட்டில் பட வேண்டும். அப்போது டயர் முழுவதும் கோட்டைக் கடக்க நேரம் எடுப்பதால், பச்சைக்குக் கொஞ்சம் முந்திக் கிளம்பினாலும் சிவப்பு விழாது. மற்றது, எதிராளியை முதலில் கோட்டில் நிற்கவிட்டு, தான் கடைசியாகப் போவது. அவன் அங்கே நின்று வியர்க்க வேண்டும்.

(கல்யாண வீட்டுப் பந்திக்கும் இவர் கடைசியாகத்தான் போவார். வடை முடிந்திருக்கும்.)

இனி என் கதை.

எங்கள் வீட்டில் பைக் படுப்பது முன் அறையில், போர்வையோடு. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபோம் தைக்கும் மெஷின் இருப்பது வெளியே, தகரத்துக்குக் கீழே. போன மாரியில் தூவானம் அடித்து, தைத்துவைத்த வெள்ளைச் சட்டையெல்லாம் கறை பிடித்தது. அன்று அழுதேன்.

அழுது முடித்துவிட்டு ஒரு ஒப்பந்தம் போட்டேன். இந்த ரேஸில் வென்றால் பைக் அறையிலேயே இருக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். தோற்றால் பைக் விற்பனைக்கு, மெஷின் உள்ளே. சாட்சி, மாமி. அதாவது இவருடைய அம்மா.

இன்று மனுஷன் ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டார்! நான் தகரத்து ஓட்டையை அடைக்க யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

ஃபைனலில் எதிராளி களுவாஞ்சிக்குடிப் பொடியன் ஒருவன். நேரே வந்தான், கோட்டைத் தொட்டான், நின்றான். தந்திரம் தெரியாத பிள்ளை.

இவர் முதல் லைட்டோடு நின்றுவிட்டார். கிளவுஸைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். வாவிப் பக்கம் பார்த்தார். வயலுக்குள் நின்ற கொக்குக்குக்கூட இவரைவிட அவசரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமி, சனத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனார். கையில் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை.

எங்கள் பக்கம் புது வண்டி என்றாலும் தூரப் பயணம் என்றாலும், டயருக்கு முன்னால் தேசிக்காய் வைத்து நசுக்கிவிட்டுத்தான் போவோம். கண்ணூறு கழியும். வேறு எங்காவது என்றால் மாமியைப் பிடித்து வெளியே விட்டிருப்பார்கள். இங்கே லைட்டுக்குப் பொறுப்பாக நின்ற அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு, அவசரமில்லை, ஆறுதலாக வைத்துவிட்டு வரச் சொன்னார். எதிராளிப் பொடியனும் ஹெல்மெட்டோடு ஒரு கும்பிடு போட்டான்.

"இத நசுக்கிட்டுப் போ மனே. ஊர்க் கண்ணெல்லாம் உன்னிலதான்."

சொல்லிவிட்டு, டயருக்குச் சற்று முன்னால் தேசிக்காயை வைத்தார் மாமி. சரியாக அந்த ஒளிக்கோட்டில்.

இவருடைய இரண்டாவது லைட் எரிந்தது.

திட்டம் போட்டபடியே எங்கள் பக்கம்தான் கடைசியாக லைனுக்கு வந்தது. என்ன, வந்தது இவர் இல்லை. தேசிக்காய்.

மாமி வெளியே வந்தார். இரண்டு பக்கமும் லைட் எரிவதைப் பார்த்த அண்ணன் பட்டனை அமுக்கினார்.

மஞ்சள் வந்தது. இவர் அப்போதும் பொடியன் வியர்க்கிறானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். வாவிக் காற்று ஒன்று அடித்தது. தேசிக்காய் உருண்டது.

எங்கள் பக்கம் சிவப்பு! பொடியன் பச்சைக்குப் பறந்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. முற்றத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, டயரை நூல் நூலாக நகர்த்திப் பழகிய மனுஷன். உண்மையாகவே பாவமாக இருந்தது.

நியாயம் கேட்கப் போனார். தான் ஒரு நூல்கூட அசையவில்லை என்றார்.

"நீங்க அசையல்லதான் தம்பி," என்றார் லைட் அண்ணன். "உங்கட பக்கம் ஒண்டு வந்து நிண்டிச்சு. மறுகா அது பச்சைக்கு முன்னுக்குப் போயிட்டு. டயர் எது, தேசிக்காய் எதெண்டு லைட்டுக்குத் தெரியுமா?"

திரும்ப ஓடவிடச் சொல்லிக் கேட்டார். லைனில் சாமான் வைத்தது யாருடைய ஆள் என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். இவர் மாமியைப் பார்த்தார். மாமி வானத்தைப் பார்த்தார். வழக்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் புது வழக்கு. தோற்றது தான் இல்லையாம், தேசிக்காயாம். அதனால் ஒப்பந்தம் செல்லாதாம்.

நான் சாட்சியின் முகத்தைப் பார்த்தேன்.

மாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நல்ல காலம், நான் வெச்சன். உனக்கு வரவேண்டிய கெடுதி தேசிக்காயோட போயிட்டு மனே. இனி அந்தப் பைக்கில ஏறாத. புள்ளட மெஷின உள்ளுக்கு எடு."

பெற்ற தாய் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

இப்போது முன் அறையில், ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் என் மெஷின்.

பைக் வெளியே நிற்கிறது. நல்ல கண்டிஷன். போர்வைக்குள் வளர்ந்தது, ஒரு துளி மழை கண்டதில்லை. மாரி தொடங்க முன்னம் யாருக்காவது வேணுமா?