குறை சொல்ல ஆளில்லாத வேலை

அலுவலகத்தில் அவருக்குப் பூச்சிமருந்து என்று பெயர். மென்பொருளில் வரும் பிழைகளை அந்தத் தொழிலில் பூச்சி என்பார்கள். அவற்றைத் தேடிப் பிடித்து ஒழிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு பெரிய கிடங்கின் சரக்கு மென்பொருளைத் தனி ஆளாகக் கட்டிக் காத்துவந்தார். மச்சினன் கல்யாணப் படங்கள் எதிலும் அவர் முகம் இல்லை; பின்னறையில் மடிக்கணினியோடு இருந்தார். மனைவி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவாள். மேலாளரோ கூட்டத்துக்குக் கூட்டம் புகழ்வார். “இவர் புராஜெக்ட்டைப் பாருங்க. ஒரு புகார் கிடையாது.”

ஒருநாள் மாலை கைதவறி அந்த மென்பொருளையே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில்தான் அதைப் பார்த்தார். லாரிகள் வரிசைகட்டி நின்றிருக்கும், வேலைக்கே உலை வைத்தாயிற்று என்று நினைத்தார். ஆனால் தொலைபேசி வாயே திறக்கவில்லை. அவர் பொறுக்கமாட்டாமல் கிடங்குப் பொறுப்பாளரை அழைத்தார்.

“சார், நேத்து சிஸ்டம் நின்னுபோச்சு. மன்னிச்சிடுங்க.”

“எந்த சிஸ்டம்? ஓ, அதுவா. அந்தக் கிடங்கைப் போன வருஷமே வித்தாச்சே. ஒப்பந்தம் முடியிற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டோம். உங்க மேனேஜருக்குத் தெரியுமே.”

ஆக, இத்தனை மாதம் கண்விழித்து ஒழித்த பூச்சிகளில் ஒன்றுகூட யாரையும் கடித்திருக்க முடியாது.

மேலாளர் மறைக்கவில்லை. “சொன்னா நீங்க மனசு விட்டுடுவீங்கன்னுதான் சொல்லலை. சம்பளம் வருது, திட்ட ஆளில்லை. இதைவிடச் சுகமான வேலை எங்க கிடைக்கும்?”

அவர் இருக்கைக்குத் திரும்பினார். பாதியில் விட்ட ஒரு பூச்சி திரையில் காத்திருந்தது. கை தன்னால் அதனிடம் போயிற்று. வெட்கமாக இருந்தது. அன்றே ராஜினாமா கொடுத்தார்.

“சம்பளம் பத்தலையா? வெளிநாடு போறீங்களா?” என்று கேட்டாள் மனிதவள அதிகாரி.

“இல்லம்மா. என் வேலையில குறை சொல்ல ஆளில்லை.”

“அது நல்லதுதானே?” என்றவள், சொந்தக் காரணம் என்று எழுதிக்கொண்டாள். மாமனார் தன் பங்குக்கு, வேலையைவிட்டுத் துரத்தியதை மாப்பிள்ளை வெளியே சொல்லக் கூசுகிறார் என்று முடிவுகட்டினார். நிறுவனமோ இது மிக முக்கியமான புராஜெக்ட் என்று அவர் இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டது. போகும்முன் அவர்களிடம் இவர் உண்மையைப் போட்டு உடைத்தார். இருவரும் எழுந்து நின்று கைகுலுக்கி நன்றி சொன்னார்கள்.

இப்போது குறைந்த சம்பளத்துக்கு ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறார். சேர்ந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே முன்மேசையில் இருக்கும் அம்மாள் அழைத்தார்.

“என்னங்க செஞ்சு வெச்சிருக்கீங்க? பேரைப் போட்டா வயசு அழிஞ்சுபோகுது. இங்க வாசல் வரைக்கும் கூட்டம் நிக்குது. படிச்சவங்கதானே நீங்க?”

பக்கத்தில் இருந்த மனைவிக்கே காது கூசியது. “இப்படித் திட்டு வாங்கவா அந்த வேலையை விட்டீங்க?”

“செத்த இரு,” என்று கையமர்த்தினார். “அந்தம்மா இன்னும் முடிக்கலை.”