தையலுக்கு விட வேண்டிய கால் அங்குலம்

கம்ப்யூட்டர் அறைக் கதவுக்கு வெளியே, சுவரோரமாகக் கழற்றி விடப்பட்ட ஒரு ஜோடி டயர் செருப்பு. மாஸ்டரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அதுதான், அவர் முகம் பிறகுதான். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில் அந்த ஒரு அறைக்கு மட்டும்தான் ஏசி. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று முதலாளி உட்பட எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மாஸ்டர் செருப்பைக் கழற்றினாலும் உள்ளே வரமாட்டார். வாசலிலேயே நின்று, கழுத்தில் தொங்கும் அளவு டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியதைக் கேட்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்த கில்ட் என்னும் போர்வைகளை நாங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். கட்டங்களின் டிசைனை கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. எனக்கு வயது இருபத்தொன்று. ஆறு மாத கம்ப்யூட்டர் படிப்பு படித்திருந்தேன், அறுபது வருடத் திமிர் இருந்தது. தையல் பெண்கள் என்னை 'கம்ப்யூட்டர் டீச்சர்' என்று கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

மாஸ்டர்தான் துணி வெட்டுகிறவர். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். இருபது வருடத்தில் ஒரு முழம் துணியைக்கூட வெட்டிக் கெடுத்ததில்லை என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரைத் தவிர அவருக்கு வேறு பெருமை இருந்ததாகத் தெரியவில்லை. துணியை எந்த அளவில் வெட்டினாலும் தையலுக்குள் மடங்கிப் போக நாலு பக்கமும் கால் அங்குலம் கூடுதலாக விட வேண்டும். என்னுடைய முதல் டிசைனில் அந்தக் கால் அங்குலத்தையும் சேர்த்தே வரைந்திருந்தேன். மாஸ்டர் தன் பழக்கப்படி மேலும் கால் அங்குலம் விட, துண்டுகள் பெரிதாகிவிட்டன. எல்லாவற்றையும் திரும்ப நறுக்க வேண்டியதாயிற்று. "இனிமே கம்ப்யூட்டர் பேப்பர்ல என்ன இருக்கோ அதை மட்டும் வெட்டும். உம்ம அளவெல்லாம் வேண்டாம்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

அடுத்த ஆர்டரில் வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரையே டிசைனாகக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைப் பலகையில் செப்புக் கோடுகள் ஓடும் சர்க்யூட், எட்டுக் கால் பூச்சி மாதிரி சிப், பிளாப்பி என்று ஒவ்வொரு சதுரமாக மவுஸால் நிறம் நிரப்பினேன். ஒன்றரை அங்குலச் சதுரம், வரிசைக்கு எட்டு, மொத்தம் பன்னிரண்டு அங்குலக் கட்டம். தைத்து முடித்தால் எப்படி இருக்கும் என்று முதலில் படம் அனுப்பச் சொல்லியிருந்ததால், தையலுக்கு விடாமல் முடிந்த அளவிலேயே வரைந்தேன். படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்த மிதப்பில், அளவைக் கூட்டாமல் அதையே வெட்டுவதற்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மாஸ்டர் பேப்பரோடு வாசலில் வந்து நின்றார். "துண்டெல்லாம் சின்னதாத் தெரியுதேத்தா. தையலுக்கு விட்டுருக்கியா?"

நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "அதெல்லாம் இருக்கு மாஸ்டர்."

"செத்த பாத்துச் சொல்லேன்."

"கம்ப்யூட்டர்ல தப்பு வருமா மாஸ்டர்? போய் வெட்டுங்க."

அவர் போய் வெட்டினார். அடுக்கிய துணியின் மேல் பேப்பரை ஊசியால் குத்தி வெட்டுவது வழக்கம். துணியோடு சேர்ந்து அந்தப் பேப்பரும் துண்டு துண்டாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் தைத்து வந்த முதல் கட்டம், ஒவ்வொரு சதுரத்திலும் அரை அங்குலம் தையலுக்குள் போய், எட்டு அங்குலம்தான் இருந்தது. மேஜையில் அது ஒரு கைக்குட்டை மாதிரி கிடந்தது. மொத்த ஆர்டருக்கும் துணி வெட்டியாகிவிட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டது விசாரிக்க அல்ல, சாட்சிக்கு. "மிஷின் பொய் சொல்லுமாய்யா? போன தடவை கூடுதலா விட்டீரு, இந்தத் தடவை விடாம வெட்டியிருக்கீரு. கண்ணு போச்சா உமக்கு?" மாஸ்டர் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து இடம் விடுவார் என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கழுத்து டேப்பை உருவி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். அறைக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். ஒன்றரை அங்குலம் என்றே இருந்தது. இரண்டாக மாற்றி, பழைய ஃபைலின் மேலேயே சேமித்தேன். ஒரு பொத்தான்தான். என் தவறு உலகத்தில் எங்குமே இல்லாமல் போய்விட்டது. புதிய பேப்பரை வைத்து வேறொருவர் வெட்டியது கச்சிதமாக வந்தது. தப்பு மாஸ்டருடையதுதான் என்பது அதோடு உறுதியாயிற்று. துணியைக் கெடுத்தவர் என்று பேச்சுப் பரவி, பக்கத்து ஊரான செட்டியார்பட்டி வரைக்கும் ஒருவரும் அவர் கையில் கத்திரி கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த அறையில் தனியாக இருந்ததே இல்லை. பிரிண்டர் ஓடும்போதெல்லாம் வாசலில் யாரோ நிற்பார்கள். திரும்பிப் பார்த்தால் காலி வாசல்தான் இருக்கும். வேலையை விட்டு, ஊரை விட்டு, எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். இன்றும் பிரிண்ட் கொடுக்கும்போது எனக்கு முதுகு கூசுகிறது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் தாங்க முடியாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். தேரடிப் பக்கம் ஒரு தையல் கடையில் அவர் சட்டைகளுக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தார். வெட்டும் மேஜையில் அவருடைய பாதி வயதில் ஒருவர் நின்றிருந்தார். மாஸ்டர் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மேலேயே சேமித்ததையும் சேர்த்து. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத எங்கிட்டச் சொல்லி என்னத்துக்குத்தா? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவுககிட்டல்ல சொல்லணும்."

அவ்வளவுதான். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

அதற்குள் முதலாளி இறந்து ஒரு வருடமாகியிருந்தது. கம்பெனியை மூடியிருந்தார்கள். தையல் பெண்கள் ஆளுக்கொரு மில்லாகப் போய்விட்டார்கள். தெரியாதவர்களைத் தேடி நான் எங்கே போவேன்? இத்தனை வருடம் கழித்து, அவரை ஒரு தடவைகூடப் பார்த்திராத உங்களிடம் சொல்கிறேன். மாஸ்டர் துணியைக் கெடுக்கவில்லை. என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.