குறையை முதலில் சொல்லும் நசருல்லா பாய்

மனைக்குள் கால் வைத்ததும் நசருல்லா பாய் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். வலப்பக்கமாகப் போய், பின்பக்கம் நின்று, குனிந்து பார்த்து, ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துவிட்டு, வாங்க வந்தவரைத் திரும்பிப் பார்க்கிறார். "சார், மொதல்ல குத்தத்த சொல்லிடறேன்." வாங்க வந்தவர் இன்னும் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டு முடிக்கவில்லை.

"கெணறு தோண்டுனா இருவது அடியில பாறை தட்டும். பின்னாடி ஃபேக்டரியில ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதுவாங்க, கைக்கொழந்த இருந்தா வீல்னு கத்தும். மத்தபடி தங்கமான எடம் சார்." அந்தத் தங்கம் காதில் விழுவதற்குள் பாதிப் பேர் ஸ்கூட்டரை உதைத்துவிடுகிறார்கள்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரில் கொள்ளு விளைந்த மேட்டு நிலத்துக்கெல்லாம் நகர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சுக்கு நாலு புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று வந்தவனெல்லாம் புல்லட் வாங்கிவிட்டான். மூன்று வருஷமாக ஒரு மனைகூட விற்காமல் அதே பெஞ்சில் டீ குடிக்கிற ஒரே ஆள் நம் பாய்தான். வேண்டாம், பேடா, வத்து என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கேட்டாயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாய் இருப்பதுதான் வினை என்று டீக்கடைக்காரரே வருத்தப்படுகிறார்.

அதற்கு முன்னால் இருபது வருஷம் அவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். மனையைச் சுற்றி வருகிற பழக்கம் அங்கே தொற்றியதுதான். மாட்டுக்குப் பார்ப்பதுபோல் சுழி பார்க்க மட்டும்தான் மனையில் வழியில்லை. அந்தக் காலத்தில், உதைக்கிற பசு ஒன்றை வெங்கடப்பன் என்கிற குடியானவருக்கு வாய் திறக்காமல் விற்றுவிட்டார். நாலாம் நாள் வெங்கடப்பனின் மனைவி சாந்தம்மா, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, பசுவையும் ஓட்டிக்கொண்டு வந்து இவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

பாயின் மனைவி ரோஷன் பீ அந்த அம்மாவுக்குச் சோறு போட்டாள். பிறகு, "அப்படி என்னாத்த உதைக்குது, பாக்கறேன்" என்று செம்பை எடுத்துக்கொண்டு கறக்கப் போனாள். செம்பு ஒரு பக்கம் விழுந்தது, ரோஷன் பீ ஒரு பக்கம் விழுந்தாள். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே சட்டம் போட்டாள்: "இனிமே குத்தத்த சொல்லி வித்தீங்கன்னா இந்த வீட்ல உங்களுக்குச் சோறு. சொல்லாம வித்தீங்கன்னா, இந்த மாட்டோடயே குடித்தனம் பண்ணிக்குங்க." அன்றைக்கே பசு திரும்பி வந்தது, பணம் திரும்பிப் போனது.

மாட்டு யாவாரத்தில் அந்தச் சட்டம் செல்லுபடியாயிற்று. குறை தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசி ஓட்டிக்கொண்டு போவார்கள். மனை வாங்க வருகிறவர்கள் அப்படியில்லை. தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு தோட்டத்துக்குப் பெங்களூரிலிருந்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் வந்தார். மாமரம் பிடித்துப்போய், அட்வான்ஸ் செக்கில் கையெழுத்துப் போடப் பேனாவையே திறந்துவிட்டார்.

"ஒரு சின்ன குத்தம் சார். கேவுரு கதிரு முத்துற நேரத்துல ஆனை வரும்."

"எத்தனை வரும்?"

"எட்டு சார். குட்டியச் சேக்கல."

பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு காரில் ஏறினார்.

இதெல்லாம் சிரிப்புதான். ஆனால் மகள் வஜிஹா பள்ளிக்கூட ஃபாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது, ரோஷன் பீ சற்று யோசித்து, "ஒரு கோடு போட்டு விடும்மா" என்றாள். பாய் அன்றைக்கு மனுஷனாகவே இல்லை. தனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு மேஜை, வெளியே பெயர் எழுதிய ஒரு போர்டு, இவ்வளவுதான் அவருக்கு ஆசை.

போன சித்திரையில் அந்த ஆசையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான் முனீர் அகமது, ரோஷன் பீயின் தம்பி. கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் ரோஜா நகர் போட்டவன் அவன்தான். எல்லா மனையும் போய்விட்டது, இருபத்தேழாம் நம்பர் மட்டும் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீர் மொத்தமும் அதில் இறங்கி, முழங்கால் மட்டத்துக்குப் பதினைந்து நாள் நிற்கும். வெயில்காலத்தில் போய்ப் பார்த்தால் ஒரு பாவமும் அறியாத பிள்ளை மாதிரி இருக்கும்.

"மச்சான், இத ஒண்ண மட்டும் தள்ளிவிடுங்க. அடுத்த நகர்ல நீங்க பார்ட்னர். பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல ஆபீசு, உங்க பேர்ல போர்டு. ஒரே கண்டிஷன், வாயத் தொறக்கக் கூடாது."

பாய் மனைவியைப் பார்த்தார். அவள் தம்பியை விரட்டுவாள் என்று நம்பினார். ரோஷன் பீ தம்பியின் முகத்தைப் பார்த்தாள், வஜிஹாவின் புத்தகப்பையைப் பார்த்தாள். "நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரே ஒரு தடவ சும்மா இருங்க, போதும்" என்றாள். சட்டம் போட்டவளே சொன்ன பிறகு அப்பீல் ஏது? வாயைத் திறப்பதில்லை என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார்.

மறுநாள் மனை பார்க்க வந்தவன் சம்பங்கி. தேன்கனிக்கோட்டைப் பக்கம் தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம், இவன்தான் முதன்முதலில் ஃபேக்டரிச் சட்டை போட்டவன். பி.எஃப். லோன் போட்டுப் பணத்தை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கூடவே ஏழு மாதக் கர்ப்பிணியாக மனைவி முனிலட்சுமி. பாய் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கன்னத்திலும் வெற்றிலையை அடைத்துக்கொண்டு வந்தார். வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றினார், மண்ணை அள்ளி உதிர்த்தார், நின்றார்.

சம்பங்கி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். "சொல்லுங்க பாய். உங்க பேரு எங்க கேன்டீன் வரைக்கும் தெரியும். ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவான், நம்பாத, நசருல்லா பாய் என்னா குத்தம் சொல்றாருன்னு மட்டும் பாருன்னாங்க. அதுக்குத்தான் உங்களத் தேடி வந்தோம்."

பாய் மென்றார். பத்தடி தள்ளி முனீர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முனிலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாயே ஒண்ணும் சொல்லல பாத்தியா? அப்ப குத்தமே இல்லாத எடம்தான். இந்தா, இந்த மூலையில அடுப்படி வெச்சுக்கலாம்" என்று அவள் போய் நின்ற மூலைதான் தண்ணீர் முதலில் இறங்குகிற மூலை.

பாய் அந்த மூலையைப் பார்த்தார். இத்தனை வருஷம் தொண்டை வறளச் சொன்ன குறைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து, இன்றைக்குச் சொல்லாத ஒரு குறைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டன. சந்தையில் அந்தப் பசுவை விற்றபோதுகூட அவர் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. சம்பங்கி மஞ்சள் பையைப் பிரித்தான். முனீர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

பாய் வெற்றிலையைத் துப்பவில்லை. சத்தியம் சத்தியம்தான், வாயைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றி இடது கையில் எடுத்துக்கொண்டார். வலது கையால் வேட்டியை முழங்காலுக்கு மேலே வாரிச் சுருட்டிப் பிடித்தார். பிறகு, பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்த அந்த மண்ணில், முனிலட்சுமியின் அடுப்படி மூலையைப் பார்த்து, ஒவ்வொரு காலாக உயரத் தூக்கி, அடி தட்டுகிறதா என்று துழாவித் துழாவி வைத்து, மெல்ல நடக்க ஆரம்பித்தார்.