நாலாவது ஆள்

எனக்குப் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒரு மாதம் முழுக்க யாரிடமும் சொல்லாமல் பெரிய வீராதி வீரன் மாதிரி அலைந்தேன்.

போன கோடையில், மாசி என்ற புறநகருக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக கோல்ஃப் ஆடும் மைதானத்தில், பந்தை அடித்துவிட்டு நாலு எட்டு வைத்தேன், அப்படியே சரிந்துவிட்டேன். மாரடைப்பு. கூட ஆடிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து நண்பர்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை என் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து டாக்டர், "தாராளமாக ஆடலாம்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்!

வடக்கே கடலோர லிங்க்ஸ் மைதானங்களுக்கு நாலு பேராகப் போவதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். அங்கே மணல்மேடும் புல்லும் பேய்க்காற்றும்தான். வண்டி கிடையாது, நடந்தே ஆட வேண்டும். திட்டம் போடும் வேலை என் தலையில். ஹென்டர்சனில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் பட்டியல் போட்டேன்: எந்த நாள் எந்த மைதானம், எங்கே தங்குவது. கடைசியில் இன்னொரு வரிசையும் சேர்த்தேன், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் என்று. ஒரு மைதானத்துக்கு ஒன்றரை மணி நேரம் வந்தது. அந்த வரிசையை மட்டும் யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நாலாவது ஆள் வேலை மாறி சிட்னிக்குப் போய்விட்டார். மிச்சம் மூன்று பேர்.

"மூணு பேரா எந்தக் காரியத்துக்கும் போகக் கூடாதுங்க," என்றாள் மனைவி.

அப்பாடா! வெளியே மட்டும், "இந்தக் காலத்துல போய் இதெல்லாமா..." என்று சலித்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்ற பேர் எனக்கு வராது, பழி சாஸ்திரத்தின் மேல் போகும். உடனே நண்பரை போனில் பிடித்து, "வீட்டுல விட மாட்டேங்கிறாங்க" என்றேன்.

மனுஷன் சும்மா இருந்தாரா? அன்று சாயங்காலமே ஒரு கூழாங்கல்லோடு வந்துவிட்டார்.

"ஓம் தங்கச்சி, மூண்டு பேர் போகக் கூடாதுதான். இந்தக் கல்லை இவற்ற பைக்குள்ள போட்டு விடுங்கோ, நாலாகீடும்."

எங்கள் ஊரிலும் அதே பரிகாரம்தான். பாவி, என் ஒரே சாக்கும் போச்சு.

மனைவி கல்லை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"கல்லுக்கு நெஞ்சை அமுக்கத் தெரியுமா அண்ணா?"

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். லேப்டாப்பில் நான் மறைத்ததை என்றைக்கோ பார்த்துவிட்டாளாம். சனிக்கிழமை தோறும் மவுண்ட் வெல்லிங்டனுக்கு ஷாப்பிங் என்று போனது முதலுதவி வகுப்புக்காம்.

"மூணு பேர் கதையை எடுத்ததே உங்களுக்காகத்தான். வாய் விட்டுச் சொல்ல மாட்டீங்களே! போகணும்னா நாலாவது ஆள் நான். ஆட மாட்டேன், கூடவே நடப்பேன்."

"பயமா இருக்கு," என்றேன். நண்பர் எதிரிலேயே சொல்லிவிட்டேன்.

"எனக்கும்தான்," என்றாள். லேப்டாப்பைத் திறந்து, நான் மறைத்த வரிசையை எல்லோரும் பார்க்கும்படி வெளியே எடுத்தாள்.