சாமைச் சோறும் என் மிஷினும்

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கள்ளக்குறிச்சியில் அரவை மில், மலைப்பாதையில் ஓடிய ஜீப்புகள், பிள்ளைகளுக்கு மாடி வீடு, வெள்ளிமலையில் ஆயில் இன்ஜின் வைத்த சாமை மிஷின், எல்லாம் நான் உண்டாக்கியவை. மலையில் மிஷின் வைத்தால் துருப்பிடிக்கும் என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த மிஷினைப் பற்றித்தான் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த காலம் அது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று தீர்மானிக்கும் டயட்டீஷியன் அம்மா ஒருவர் இருந்தார். மலைப் பிள்ளைகள் ரத்தம் செத்து வந்துகொண்டே இருந்தார்கள். மருந்து கொடுத்து அனுப்பினால் மறுபடி வருவார்கள், சத்துணவுக் கூடத்திலேயே சாமை போட உத்தரவு வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். என் ஜீப்பில்தான் அலைந்தார்.

ஒரு கூட்டத்துக்கு நானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

"மலைப் புள்ளைக்குச் சாமை, கீழ இருக்கிற புள்ளைக்கு அரிசியா? இருக்கிற போராட்டம் பத்தாதாம்மா?" என்றார் சத்துணவு அதிகாரி.

"அப்ப கீழயும் சாமை போடுங்க சார்" என்றார் அந்த அம்மா.

அவ்வளவு சாமையை யார் குத்துவது என்று கேட்டார் அதிகாரி. மலையில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும்தான் பெண்கள் உரலில் குத்துவார்கள். நான் எழுந்து, நான் குத்துகிறேன் என்றேன். மிஷின் அப்படி வந்ததுதான்.

விருந்தாளிக்கு நெல்லுச் சோறு போடுவதுதான் அங்கே கௌரவம். அதனால் சாமையையும் அரிசி மாதிரி வெள்ளையாகத் தீட்டிக் கொடுத்தேன். சனம் வரிசையில் நின்றது. அந்த அம்மா வந்து கையில் அள்ளிப் பார்த்தார்.

"இன்னாங்க இது? சத்தெல்லாம் தவுட்டோட மாட்டுக்குப் போவுது. சக்கை புள்ளைக்கா?"

"கேட்டத குடுக்கிறேன். ஒங்களுக்குத் தீட்டாம தரேன். புள்ளைங்க துப்பினா என்னைக் கேக்காதீங்க."

அதைச் சோதித்துப் பார்க்கும் முன்பே கீழே சாலை மறியல். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். அரிசி லாரி மலையேறவில்லை, சத்துணவு அடுப்பு எரியவில்லை. பஸ் இல்லாததால் அந்த அம்மாவும் வெள்ளிமலையிலேயே மாட்டிக்கொண்டார். வீடு வீடாகப் போய்க் குதிரில் இருந்த சாமையைக் கேட்டு வாங்கினார். நான் மிஷினை நிறுத்தாமல் ஓட்டினேன், தீட்டாமல். டீசல் என்னுடையது. ஒரு பிள்ளைகூடத் துப்பவில்லை. தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வழி திறந்ததும் அந்த அதிகாரியை என் ஜீப்பிலேயே ஏற்றி வந்தோம். பிள்ளைகளோடு உட்கார வைத்து அதே சோற்றைப் போட்டார் அந்த அம்மா. அதிகாரி மிச்சம் வைக்காமல் தின்றார். மலைக் கூடங்களுக்குச் சாமை போட உத்தரவு பின்னால் வந்தது. கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கேட்டு, ஓய்வு பெறும்வரை அந்த அம்மா சண்டை போட்டார். கிடைக்கவில்லை.

இன்றைக்குச் சிறுதானிய விழா என்று மேடை போடுகிறார்கள். அந்த அம்மாவைப் புகழ்கிறார்கள், நியாயம்தான். அந்த அதிகாரியையும் புகழ்கிறார்கள். அவர் தின்றது யார் குத்திய சாமை? உத்தரவு வாங்கியது அந்த அம்மா, அதற்குச் சாமை குத்திக் கொடுத்தது நான். மேடையில் எனக்கு நாற்காலி வேண்டாம். பேசுகிறவர்கள் இதை மைக்கில் சொல்லட்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.