லும்போ கரையேறிய இரண்டு படங்கள்

அந்தோணி இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர், படப்பையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தேவராஜ். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் அச்சகத்து வாசலில் வந்து நின்று, "அந்தோணி அண்ணன் காலைல போயிட்டாரு சார். நெஞ்சு வலி" என்றார். அந்தோணியின் வீட்டார் முதலில் ஆளனுப்பியது அவருக்குத்தான், கூடவே வேலை பார்த்த எனக்கு இல்லை. அந்த நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் காமிக்ஸைப் படித்த உங்களுக்கு என் பெயர் தெரியும். வெளிநாட்டுக் காட்டுக் கதைகளைத் தமிழாக்கியவன் நான். அந்தோணியின் பெயர் தெரியாது, ஆனால் அவர் கையை நன்றாகத் தெரியும். படங்களைப் பக்கத்துக்கு ஏற்றபடி கத்தரித்து ஒட்டியவர் அவர்தான். மூலக் கதை எப்போதும் நம் பக்கங்களைவிட நீளமாக இருக்கும். பத்துப் படங்களுக்கு ஒன்றாவது வெட்டுப்படும். வெட்டியதை எறிய மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். "யாரோ கஷ்டப்பட்டு வரைஞ்சது சார்" என்பார்.

ஒரு மாதம் கடைசிப் பக்கத்துக்கு ஓர் எண்ணெய் விளம்பரம் வந்து சேர்ந்தது. இடம் பண்ண அந்தோணி இரண்டு படங்களை எடுத்தார். கதாநாயகனான வனக்காவலனைத் தப்பவிட்டு, ஈட்டியோடு தொங்குபாலத்தில் எதிரிகளை மறித்து நிற்கிறான் அவன் தோழன் லும்போ. பாலம் அறுகிறது, லும்போ ஆற்றில் விழுகிறான். அவன் நீந்திக் கரையேறுவது அந்த இரண்டு படங்களில்தான் இருந்தது. எங்கள் இதழில் அவன் விழுந்ததோடு சரி.

சில நாள் கழித்து, முன்பின் தெரியாத தேவராஜ் அச்சகத்துக்கு வந்தார். "லும்போ செத்துட்டானா இன்னா? என் தம்பி சூசை தாம்பரம் ஆஸ்பத்திரில படுத்துகினு கீறான். அதையே கேட்டுகினு கீறான் சார்."

அந்தோணி டின்னைக் கவிழ்த்துத் தேடினார். கிடைத்தவுடன் ஓர் அட்டையில் ஒட்டி, பசை காயட்டும் என்றார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு படப்பைக்குப் பஸ் ஏறினார். போய் இறங்கினால் தேவராஜ் வீட்டு வாசலில் சாவுப் பந்தல். அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தார்.

"கதைதானே அந்தோணி" என்று தேற்றப் பார்த்தேன்.

"கதைதான் சார். ஆனா அவனுக்கு அதான் பாக்கி இருந்துச்சு. விளம்பரத்தை வெட்டியிருக்கலாம்."

அதன்பிறகு அவர் லும்போவின் படம் ஒன்றைக்கூட வெட்டியதில்லை. வெட்டுப்பட்டதெல்லாம் வனக்காவலன்தான். கதாநாயகன் ஏன் பாதிப் பக்கங்களில் தலையில்லாமல் வருகிறான் என்று உங்களில் சிலர் என்னைச் சாடினீர்களே, அதன் காரணம் இதுதான். ஒவ்வொரு இதழின் முதல் பிரதியையும் படப்பைக்குக் கொண்டுபோய்த் தேவராஜிடம் கொடுப்பார். சைக்கிள் கடையில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து படிப்பார்கள். மன்னிப்புக் கேட்கப் போனவர் மத்தியானச் சோறும் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆனாலும் திரும்பி வந்தபின் அன்று முழுக்க முகம் தெளியாது.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அந்தோணியை அடக்கம் செய்து எல்லோரும் கலைந்த பிறகு தேவராஜ் மட்டும் நகரவில்லை. நான் அருகில் போனேன்.

"சூசை கேக்கவே இல்ல சார்" என்றார். "லும்போ நீஞ்சி வந்துட்டான்னு வார்டு பூரா அவனே கதை சொல்லிகினு இருந்தான். சிரிச்சிகினேதான் போனான். தெரிஞ்சிக்கணும்னு தவிச்சது நான்தான். இந்த வயசுல படக்கதைக்கு வந்து நிக்கிறமேன்னு வெக்கப்பட்டு, தம்பி பேரைச் சொல்லிட்டேன்."

"இத்தனை நாளில் அந்தோணியிடம் சொல்லியிருக்கலாமே."

அவர் குனிந்து, புதுமண்ணில் சரிந்து கிடந்த மாலையை நேராக்கினார்.

"சொல்லத்தான் நெனப்பேன். சொன்னா அவருக்கு மனசு ஆறிடும். அப்பறம் எதுக்கு எங்க வூட்டுக்கு வரப்போறாரு? தம்பி போனப்பறம் எனக்கு யாரு சார் இருந்தாங்க?" என்று அழுதார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தோணியின் முகம் தெளியாத அத்தனை மாலைகளையும் நான் பார்த்திருக்கிறேன். பிறகு கோபம் போய்விட்டது. சொல்லியிருந்தாலும் அந்தோணி படப்பைக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருப்பார். அதைத் தேவராஜிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தோணியின் மனைவி பைபிளுக்குள் இருந்த அந்த அட்டையை என்னிடம் கொடுத்தார். தேவராஜிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். லும்போ கரையேறும் படங்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அடுத்த இதழ் அச்சானதும் முதல் பிரதியோடு படப்பை பஸ்ஸில் நான் ஏறவேண்டும்.