நூலகத்தில் ஒரு புத்தகமும் தெரியக்கூடாது

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மலாக்காவில் செர்காம் போகிற வழியில் உள்ள ஒரு சின்ன டவுனில் நடந்தது இது. அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் நூலகத்தில் நான் உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஒரு ஹால், பின்னால் சிறிய சமையலறை, அதிலிருந்து இறங்கும் பின்படி, அவ்வளவுதான் நூலகம். கீழே கல்யாணங்களுக்குக் கெனோபி என்கிற கூடாரம், நாற்காலி, மணவறை எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. அந்தக் கடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்போது நானும், என்னோடு வேலை செய்யும் ஓர் அக்காவும் நூலகவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். நான் ஆன்லைனில், அவர் வகுப்பறையில். ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்து கோலாலம்பூர் போய்ப் படித்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புவார். என் வாய் சும்மா இருக்குமா? "இந்தக் காலத்துல யாருக்கா பஸ் ஏறிப் போயி படிக்கிறா? நான் மீ கோரெங் சாப்டுக்கிட்டே பாடம் கேட்டு முடிச்சிர்றேன்" என்று வாராவாரம் சீண்டுவேன்.

உண்மையில் நான் பாடம் கேட்ட லட்சணம் எனக்குத்தான் தெரியும். பதிவு செய்த பாடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன். ஒருநாள் அதே விரிவுரையாளர் நேரலையில் வந்தபோது, இவர் ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுகிறார் என்று கவலைப்பட்டு, "உடம்பு சரியில்லையா சார்?" என்று எழுதிக் கேட்டுவிட்டேன். அவர் நன்றாகத்தான் இருந்தார்.

அக்கா என் சீண்டலுக்குக் கோபப்படமாட்டார். "சரி தம்பி, உன்கூடப் படிக்கிறவங்கள்ல ஒரு ஆளு பேரு சொல்லு பாப்போம்" என்பார். எனக்கு ஒரு பெயரும் வராது. என் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் திரையில் வரிசையாக நின்ற கறுப்புக் கட்டங்கள். அவர்களுக்கு நானும் ஒரு கறுப்புக் கட்டம்.

இதில் அக்காவிடம் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்று இருந்தது. ஒரு தாளில் நான் ஏற்கனவே தோற்றிருந்தேன். இரண்டாவது தடவையும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அந்த மறுதேர்வுதான் இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. வீட்டிலிருந்தே கேமராவுக்கு முன்னால் எழுதலாம்.

எழுதியிருப்பேன். ஆனால் பத்து பெரண்டாம் என்ற ஊரில் எங்கள் குடியிருப்புத் தாமானில் லோங்காங், அதாவது சாக்கடை, தோண்ட வந்தவர்கள் வெள்ளிக்கிழமை மாலை இணையக் கேபிளையும் சேர்த்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள். நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும், சாவியோ அக்காவிடம். போன் செய்து, வெட்கத்தை விட்டு முழுக் கதையையும் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே சாவியோடு வந்து நின்றார். கோலாலம்பூர் போகிற பையும் தோளில் இருந்தது.

மடிக்கணினியைத் திறந்ததும் தேர்வைக் கண்காணிக்கும் பெண்ணின் குரல் கேட்டது. முகம் தெரியவில்லை. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். நானும் பெருமையோடு ஒரு சுற்று காட்டினேன். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார், பின்னால் தெரிபவை எல்லாம் புத்தகங்களா என்று.

ஆமாம் என்றேன்.

விதிப்படி அறையில் ஒரு புத்தகமும் கண்ணில் படக்கூடாது என்றார். மேடம், இது நூலகம் என்றேன். நூலகவியல் தேர்வைத்தானே எழுதப் போகிறீர்கள் என்று இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டு, இருபது நிமிடம் தந்தார். அந்த விதி மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பிய பன்னிரண்டு பக்கத்தில் இருந்ததாம். நான் முதல் பக்கத்தைத்தான் படித்திருந்தேன்.

அந்த மாடியில் புத்தகம் இல்லாத இடங்கள் இரண்டே இரண்டு. சமையலறையில் வைஃபை எடுக்காது. கழிவறைக் கதவுக்குள் மேசை நுழையாது, நுழைத்துப் பார்த்தோம். மாட்டிக்கொண்ட மேசையை அக்காதான் ஒரே உதையில் விடுவித்தார். பிறகு கீழே இறங்கி ஓடினார்.

திரும்பி வரும்போது கெனோபி கடை அண்ணனும் கூடவே வந்தார். அவரோடு எனக்கு அதுவரை வணக்கம் சொல்லும் பழக்கம்கூடக் கிடையாது. தோளில் சிவப்பு வெல்வெட் மணவறைத் துணி, கைநிறைய நாற்காலி உறைகள்.

"பத்து மணிக்கு லோரி ஜாசின்ல ஒரு கல்யாணத்துக்குப் போவணும் தம்பி. அதுக்குள்ள எழுதிருவியா?" என்றார். எழுதிவிடுவேன் என்றேன், என்னமோ எனக்குத் தெரிந்த மாதிரி.

சின்ன அலமாரிகளுக்கு நாற்காலி உறை மாட்டினோம். எனக்குப் பின்னால், ஹாலின் நடுவில் நின்ற பெரிய அலமாரியின் உச்சியிலிருந்து மணவறைத் துணியைத் தொங்கவிட்டோம். மறுபடியும் கேமராவில் காட்டினால், எழுத்து எதுவும் தெரியக்கூடாது என்றது குரல். அப்போதுதான் கவனித்தோம், போன வாரக் கல்யாணத்து மாப்பிள்ளை, பெண் பெயர்கள் தங்க எழுத்தில் அப்படியே ஒட்டியிருந்தன. அண்ணன் நாற்காலியில் ஏறி முதலில் மாப்பிள்ளையைப் பிய்த்தார், அப்புறம் பெண்ணைப் பிய்த்தார். "பாவம், தாலி கட்டி ஒரு வாரந்தான் ஆவுது. அதுக்குள்ள நாமளே பிரிச்சிட்டோம்" என்றார்.

இருவரும் வெளியே போனார்கள். என் தலைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக, துணியில் தைத்த இரண்டு மயில்கள். இது திருமணத்துக்கான துணியா என்று அந்தப் பெண் கேட்டார். ஆமாம் மேடம், ஆனால் கல்யாணம் எனக்கில்லை என்றேன். தேர்வு தொடங்கியது.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. திரையின் மூலையில் என்னையே காட்டும் சின்னக் கட்டத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். இடது பக்கத்து மயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு கலைக்களஞ்சியத்தின் முதுகு எட்டிப் பார்க்கத் தொடங்கியது. தலையைத் திருப்பினால் தேர்வு ரத்து. எழுந்தாலும் ரத்து. துணி முழுதாக விழுந்தாலும் அதே கதிதான். வியர்வை கண்ணில் இறங்கியது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

மயில் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறியது.

அலமாரியின் உச்சியில், துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நான்கு விரல்கள் தெரிந்தன. ஒன்றில் சிவப்புக் கல் மோதிரம். அக்கா. சமையலறையில் விட்டிருந்த பையை எடுக்கப் பின்படி வழியாக வந்தவர், துணி சரிவதைப் பார்த்திருக்கிறார். மணியைப் பார்த்தேன். எட்டு நாற்பது. இன்னும் ஐந்து நிமிடத்தில் பஸ் போய்விடும்.

கடைசிக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. நூலகர் படிப்புக்கு ஆன்லைன் ஏற்றதா, வகுப்பறை ஏற்றதா, விவாதிக்க. ஆன்லைன்தான் என்று இரண்டு பக்கத்துக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்த நான்கு விரல்கள் மூலையில் தெரிந்துகொண்டிருக்க, அதை எழுதக் கை வரவில்லை. வேறு எதையோ எழுதினேன்.

ஒன்பதரைக்குத் தேர்வு முடிந்தது. நான் மூச்சு விடுவதற்குள் அந்தக் குரல் சொன்னது, துணியைப் பிடித்திருப்பவர் இனிமேல் கையை இறக்கலாம் என்று.

அவரே தொடர்ந்தார். விதியில் இன்னொருவரின் முகம் தெரியக்கூடாது, குரல் கேட்கக்கூடாது என்றுதான் இருக்கிறது. நான் பார்த்தது விரல்களை மட்டும். அவை உங்களுக்கு ஒரு விடையும் சொல்லித் தரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அறிக்கையிலும் அப்படியே எழுதுகிறேன் என்றார். சொல்லி முடிக்கும்போது அவரையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் மறுமுனையில் இருந்தது ஒரு மனுஷி என்பதே எனக்கு உறைத்தது.

அலமாரிக்குப் பின்னால் போனேன். அக்கா ஒரு முக்காலியின் மேல் நின்று தோளைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ் போயிருச்சேக்கா."

"பரவால்ல லா. இன்னிக்குப் பாடத்த எனக்காக யாராச்சும் எழுதி வச்சிருப்பாங்க. உனக்குத்தான் அங்க ஆளே இல்லியே தம்பி, அதான் நின்னேன்."

குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, ஆனால் அதற்கும் நேரம் தராமல் படியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது: "முடிஞ்சிச்சா தம்பி? அங்க நெசமான மாப்பிள்ள காத்துக்கிட்டு இருக்காரு."

தேறிவிட்டேன். அடுத்த நேரலை வகுப்பில் முதல் தடவையாக என் கேமராவைத் திறந்து வைத்து, ஒரு கறுப்புக் கட்டத்திடம் எந்த ஊர் என்று கேட்டேன். தெங்கேரா என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரொட்டி சானாய் சாப்பிடும் கடைக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், ஒரு வருடமாக எனக்குத் தெரியாது.

இப்போதும் யாராவது ஆன்லைன் நல்லதா, வகுப்பறை நல்லதா என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் எனக்குக் கைதான் வலிக்கிறது. அன்று ஐம்பது நிமிடம் துணியைத் தூக்கிப் பிடித்தது என் கை இல்லை என்பதை நான் மறக்கவே கூடாது.